ஏசி வீட்டுக்குள் வந்த வழி

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் குளிருக்குப் பேர்போன ஊர். ஜனவரியில் ஏரிகள் உறைந்துபோய், அதன்மேல் ஆட்கள் நடந்து போவார்கள். உலகிலேயே முதன்முதலாக ஏசி பொருத்திக் கட்டிய வீடு என்று வரலாறு எழுதுகிறவர்கள் காட்டும் வீடு அந்த ஊரில்தான் இருந்தது. ஆண்டு 1914. கட்டியவர் சார்லஸ் கேட்ஸ். முள்கம்பி விற்றுச் சம்பாதித்து, பந்தயத்தில் லட்சக்கணக்கில் கட்டுகிறவர் என்று பேரெடுத்த ஜான் கேட்ஸின் மகன். வீட்டில் இறக்கிய இயந்திரம் 7 அடி உயரம், 6 அடி அகலம், 20 அடி நீளம். நம் ஊரில் ஒரு குடும்பமே குடியிருக்கும் ஒற்றை அறையின் அளவு அது. வீடு முடிவதற்குள், 1913லேயே, சார்லஸ் இறந்துவிட்டார். அந்த இயந்திரத்தை ஓட்டவே இல்லை என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். 1933ல் மாளிகையையே இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

1914க்குப் பிறகு ஒரு சாதாரணக் குடும்பம் தன் படுக்கையறையில் ஏசி போட்டுத் தூங்குவதற்கு ஏறக்குறைய 40 வருடம் ஆனது. அந்த 40 வருடத்தில் இயந்திரம் சிறுத்தது, விலை இறங்கியது. எல்லாரும் சொல்லும் கதை இது. அதே காலத்தில் வீடும் மாறியது. ஏசி இல்லாமல் இருக்கவே முடியாத மாதிரி வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். இந்தப் பாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏசிக்கு முன்னால் குளிர்ச்சி என்றால் ஐஸ்தான். அதுவும் செய்த ஐஸ் இல்லை, வெட்டிய ஐஸ். பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரியில் உறைந்த பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833ல் அவருடைய கப்பல் கல்கத்தா வந்து சேர்ந்தது. நாலு மாதப் பயணம். ஏற்றிய சரக்கில் பெரும்பகுதி உருகாமல் வந்ததைப் பார்த்து ஊரே அசந்துபோனது. சென்னையில் அந்த ஐஸைப் போட்டு வைக்கக் கட்டிய கட்டடம்தான் மெரினா எதிரே வட்டமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ். 1897ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டர்கள் இன்னும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் கூவுகிறார்கள்.

ஐஸை விலைக்கு வாங்குவதை விட்டுவிட்டு, இயந்திரத்தில் செய்ய வேண்டும் என்று முனைந்தவர்களில் ஒருவர் ஃப்ளோரிடாவின் அப்பலாச்சிகோலா ஊர் மருத்துவர் ஜான் கோரி. 1840களில் மலேரியா, மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க, உத்தரத்திலிருந்து பாத்திரத்தில் ஐஸைத் தொங்கவிட்டுப் பார்த்தார். குளிர்ந்த காற்று கனம். தானே கீழே இறங்கும். ஆனால் ஐஸ் வடக்கிலிருந்து வர வேண்டும், சமயத்துக்கு வராது. அதனால் காற்றை அழுத்தி, விரியவிட்டு, ஐஸ் செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி 1851ல் காப்புரிமை வாங்கினார். முதல் போட ஆள் கிடைக்கவில்லை. 1855ல் கிட்டத்தட்ட மனமுடைந்து இறந்தார். இன்று வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஃப்ளோரிடா மாநிலத்தின் சார்பில் அவருக்குச் சிலை இருக்கிறது.

1881ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டு, கோடை வெயிலில் வெள்ளை மாளிகையில் கிடந்தபோது, கடற்படைப் பொறியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். உருகிய ஐஸ் தண்ணீரில் நனைந்த துணித் திரைகளுக்கு நடுவே ஃபேன் வைத்துக் காற்றை ஊதி, அறைக்குள் விட்டார்கள். வெளியே இருந்ததைவிட அறையின் சூடு 20 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குக் குறைந்தது. இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 5 லட்சம் பவுண்டு ஐஸ் தீர்ந்தது. ஒரு நாட்டின் அதிபருக்கே ஓர் அறையைக் குளிர்விக்க இவ்வளவு பாடு. அவரும் பிழைக்கவில்லை.

இந்த ஐஸ் கணக்கு இன்றும் நம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ‘ஒன்றரை டன் ஏசி’ என்கிறோமே, அது இயந்திரத்தின் எடை இல்லை. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி நாள் முழுக்க ஓடினால், ஒன்றரை டன் ஐஸ் உருகிச் செய்யும் வேலையைச் செய்கிறது.

சரி, ஏசி என்று நாம் சொல்லும் இயந்திரம் எங்கே தொடங்கியது? நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில். சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற அந்த அச்சகம் பல வண்ணத்தில் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தது. வண்ண அச்சில் ஒரே தாள் பல தடவை அச்சுக்குப் போகும்: மஞ்சள் ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை, நீலம், கறுப்பு என்று. ஒவ்வொரு வண்ணமும் முந்தியதன் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். காகிதமோ காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். காலையில் மஞ்சள் அடித்த தாள் மாலையில் சிவப்புக்கு வரும்போது அளவு மாறியிருக்கும். உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்காரும். 1900, 1901 கோடைகளில் தாள் தாளாகக் குப்பைக்குப் போனது. சிவகாசியில் மழைக்காலத்தில் வண்ண வேலை செய்தவர்களுக்கு இந்த அவஸ்தையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அச்சகம் பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்தை அணுகியது. அவர்கள் வேலையை ஒப்படைத்தது, கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து முந்தைய வருடம்தான் வெளியே வந்திருந்த, வாரம் 10 டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த 25 வயது வில்லிஸ் கேரியரிடம். அவர் போட்ட வரைபடத்தின் தேதி 1902 ஜூலை 17. அச்சகத்தில் கோடையிலும் குளிர்காலத்திலும் காற்றின் ஈரப்பதம் 55 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. கிணற்றுத் தண்ணீர் ஓடும் குழாய்ச் சுருள் ஒன்று, அம்மோனியா கம்ப்ரசரால் குளிர்வித்த சுருள் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 1,08,000 பவுண்டு ஐஸ் உருகுவதற்குச் சமமான குளிர்ச்சி. நம் கணக்கில் 54 டன் ஏசி.

இதில் மனிதர்கள் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அச்சுக் கோப்பவருக்கு வியர்த்ததா, மயக்கம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. காகிதத்துக்கு வியர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேரியர் அதோடு விடவில்லை. அதே 1902 இறுதியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்கு ஒன்று தோன்றியது. மூடுபனி என்பது ஈரம் முழுதாக நிறைந்த காற்று. ஆனால் குளிர்ந்த காற்று என்பதால் அதில் மொத்தமாக இருக்கும் தண்ணீர் குறைவு. அப்படியென்றால், குளிர்ந்த தண்ணீரைப் பூவாளி போலத் தூவி அதன் வழியாகக் காற்றைச் செலுத்தினால், காற்று அந்தத் தண்ணீரின் குளிர்ச்சிக்கு இறங்கும். அந்தக் குளிரில் தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே உதிர்த்துவிடும். அப்புறம் லேசாகச் சூடேற்றினால் காய்ந்த காற்று தயார். தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவது! கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 1906 ஜனவரியில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தெளிக்கும் தண்ணீரின் வெப்பநிலையை மாற்றினால் போதும், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம்.

நம் வீட்டு ஏசியின் பின்பக்கக் குழாயிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர் இதே சங்கதிதான். அறைக் காற்று குளிர்ந்த காயிலில், அதாவது குழாய்ச் சுருளில், பட்டு உதிர்த்த ஈரம் அது. சென்னை மாதிரியான கடலோர ஊரில் ஏசி செய்யும் உழைப்பில் கணிசமான பங்கு இந்த ஈரத்தைப் பிழிவதற்கே போகிறது. மதுரையின் காய்ந்த வெயிலில் வாளி அவ்வளவு சீக்கிரம் நிறையாது. ரிமோட்டில் ‘டிரை’ என்று ஒரு பட்டன் இருக்கும். பெரும்பாலானவர்கள் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில், சூடும் இல்லாமல் கசகசவென்று இருக்கும் இரவுகளுக்கு அதுதான் சரி.

அச்சகத்துக்குப் பிறகு பருத்தி ஆலை. அங்கே பிரச்சினை தலைகீழ்: காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும், ஈரம் சேர்க்க வேண்டும். அப்புறம் புகையிலை, சாக்லேட், மாவுப் பண்டங்கள், புகைப்பட ஃபிலிம். சரக்கு கெடக்கூடாது என்றால் முதலாளி செலவு செய்வார். 1915ல் கேரியரும் நண்பர்கள் ஆறு பேரும் சேர்ந்து 32,600 டாலர் போட்டுத் தனிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஏசியின் முதல் கால் நூற்றாண்டு பெரும்பாலும் தொழிற்சாலைகளின் காலம்.

ஆட்களுக்கு என்று ஏசி பரவலாக வந்தது சினிமா கொட்டகையில். அதுவும் ஆட்கள் மேல் பரிதாபப்பட்டு இல்லை, டிக்கெட்டுக்காக. கோடையில் அமெரிக்கக் கொட்டகைகள் பாதிக்கு மேல் காலியாகும், சில பூட்டியே கிடக்கும். நூற்றுக்கணக்கான உடம்புகளின் சூடு, மூடிய கூடம், யார் போவார்? 1922ல் கேரியர் வடிவமைத்த புதுவகைக் குளிர்விக்கும் இயந்திரம் அளவில் சிறியது, அம்மோனியாவின் ஆபத்து இல்லாதது. அதை 1925ல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் ரிவோலி கொட்டகையில் பொருத்தினார்கள். மே மாதக் கடைசி விடுமுறையில் திறப்பு. பாரமவுண்ட் நிறுவனத்தின் அடால்ஃப் சூகர் நேரில் வந்து மேல்மாடத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல எல்லார் கையிலும் விசிறி. இயந்திரம் ஓட ஆரம்பித்தும் கொஞ்ச நேரம் விசிறி ஆடியது. பிறகு ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கியது. கடைசியில் வெளியே வந்த சூகர், ஜனங்களுக்கு இது பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சில வருடங்களில் நூற்றுக்கணக்கான கொட்டகைகளுக்கு ஏசி வந்துவிட்டது. படம் எப்படியோ, இரண்டு மணி நேரக் குளிர்ச்சிக்காக டிக்கெட் வாங்கியவர்கள் ஏராளம். நம் ஊரிலும் ‘ஏ/சி’ என்று போஸ்டரில் பெரிதாகப் போட்டு, பனிக்கட்டி தொங்குகிற மாதிரி எழுத்து வரைந்த காலம் உண்டு. வீட்டில் இல்லாததைக் கொட்டகையில் காட்டும் அதே வியாபாரம்.

இப்படிக் கொட்டகையில் ருசி பார்த்தவர்கள் வீட்டுக்கு ஏன் வாங்கவில்லை? முதல் தடை, உள்ளே ஓடும் கேஸ்.

ஏசியும் ஃப்ரிட்ஜும் ஒரே தத்துவத்தில் ஓடுபவை. ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியைக் கம்ப்ரசரில் அழுத்தினால் சூடாகும். வெளியே வைத்த காயிலில் அந்தச் சூட்டை இறக்கிவிட்டு மறுபடி திரவமாகும். உள்ளே இருந்த வெப்பம் வெளியே போய்விட்டது. இதற்குத் தோதாக அன்றைக்குக் கிடைத்த வாயுக்கள் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு. ஒன்று மூச்சை அடைக்கும், இன்னொன்று நுரையீரலை அரிக்கும், மூன்றாவது மணமே அதிகம் இல்லாமல் ஆளைக் கொல்லும். தொழிற்சாலை என்றால் தனிக் கட்டடத்தில் வைத்துவிடலாம். படுக்கையறையில்? பெர்லினில் ஃப்ரிட்ஜ் கேஸ் கசிந்து ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் கசிவே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார்கள். அவர்கள் பெயரில் 1930ல் அமெரிக்கக் காப்புரிமையும் இருக்கிறது. கடைக்கு வரவில்லை, அது வேறு கதை.

அதே 1930ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற வேதியியலாளர் ஒரு மேடையில் ஏறி, புதிய வாயு ஒன்றை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்தார். நஞ்சில்லை, தீப்பிடிக்காது. ஒரே மூச்சில் இரண்டும் நிரூபணம். அதுதான் ஃப்ரியான். பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இதே மனிதருடையதுதான். காற்றுமண்டலத்துக்கு இவ்வளவு கெடுதல் செய்த தனிமனிதர் இன்னொருவர் இருப்பாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் 1930ல் இருந்து பார்த்தால் அவர் உயிர் காத்தவர்.

கேஸ் கிடைத்தது, காசு இல்லை. அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்தது. ஃப்ரிஜிடேர் நிறுவனம் 1929லேயே அறைக்கான குளிரூட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தது; பெட்டி அறையில், கம்ப்ரசர் வேறிடத்தில். ஜன்னல் விளிம்பில் உட்காரும் இயந்திரத்துக்கு ஷுல்ட்ஸ், ஷெர்மன் என்ற இருவர் 1930களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார்கள். பணக்காரர்கள் வீட்டைத் தாண்டி எதுவும் போகவில்லை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் கேரியர் நிறுவனம் பனிவீடு போல ஒரு குமிழிக் கூடம் கட்டி, இதுதான் நாளைய வாழ்க்கை என்று காட்டியது. நாளை வருவதற்குள் உலகப்போர் வந்துவிட்டது.

போருக்குப் பிறகு ஹென்றி கால்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த, சின்னதான, விலை குறைந்த விண்டோ ஏசி சந்தைக்கு வந்தது. 1947ல் அமெரிக்காவில் விற்றவை 43,000. 1953ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆறு வருடத்தில் இப்படி ஏறியதற்கு இயந்திரத்தின் விலை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அதுவரை வீடுகள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும். உயரமான கூரை. அறைக்கு அறை எதிரெதிர் ஜன்னல். கதவுக்கு மேலே திறந்து மூடும் காற்றுப் பலகை. வீட்டின் நடுவே முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை திறந்த நடை. இரண்டு பக்கமும் அறைகள், நடுவில் காற்று. தரையிலிருந்து தூக்கிக் கட்டியதால் அடியிலும் காற்று ஓடும். முன்னால் அகலமான தாழ்வாரம். சாயங்காலம் குடும்பம் முழுக்க அங்கேதான், தெருவில் போகிறவரோடு பேச்சு. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் கோடை இரவுகளில் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு தாழ்வாரத்திலேயே படுத்தார்கள். முற்றமும் திண்ணையும் வைத்த நம் ஊர் வீடுகளுக்கும் இதற்கும் தூரம் அதிகம் இல்லை. வெயிலோடு வாழ்ந்த எந்த ஊர்க் கொத்தனாருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். கல்யாணம், குழந்தை, வீடு. அவசரமாக, மலிவாக, ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான வீடுகள் வேண்டும். கட்டுமானக்காரர் என்ன செய்தார்? கூரையைத் தாழ்த்தினார், செங்கலும் மரமும் மிச்சம். தாழ்வாரத்தை எடுத்தார். கான்கிரீட் தளத்தைத் தரையோடு போட்டார். காற்றோட்டத்துக்கான பல ஜன்னல்களுக்குப் பதிலாகத் தெருவைப் பார்த்து ஒரே ஒரு பெரிய கண்ணாடி, அதில் பாதி திறக்கவே திறக்காது. மனைகளில் நின்ற மரங்களை வெட்டினார். மரம் இருந்தால் புல்டோசர் ஓட்ட முடியாது. இப்படிக் கட்டிய வீடு டெக்சஸ் ஆகஸ்டில் எப்படி இருக்கும்? வேகும். தாழ்வாரத்திலும் மரத்திலும் மிச்சம் பிடித்த பணத்தில் ஏசி வைத்துவிடலாம் என்ற கணக்கு அப்போது பிறந்தது. வாங்குகிறவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஏசி வீடு என்று அயலாரிடம் சொல்லலாமே.

இந்தக் கணக்கைச் சோதித்தே பார்த்தார்கள். 1954ல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில், நாட்டின் வீடு கட்டுவோர் சங்கம் முன்னின்று ‘ஏசி கிராமம்’ ஒன்றை உருவாக்கியது. 22 வீடுகள். நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகும் அளவில், ஒவ்வொன்றிலும் வீடு முழுவதற்குமான சென்ட்ரல் ஏசி. வெவ்வேறு கம்பெனி இயந்திரம், வெவ்வேறு மாதிரிக் கட்டுமானம். வெளிறிய நிறக் கூரை எவ்வளவு மிச்சப்படுத்துகிறது, மேற்கு ஜன்னலைக் குறைத்தால் என்ன ஆகிறது, கூரை நீட்டம் சுவரில் விழவைக்கும் நிழலுக்கு என்ன மதிப்பு என்றெல்லாம் பார்த்தார்கள். வீடுகளை நிஜக் குடும்பங்களுக்கு விற்று, அவர்கள் அங்கே வாழும்போதே டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரண்ட் செலவைக் கணக்கெடுத்தார்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டு வேலை எப்படி என்று குடும்பத்தாரிடமும் விசாரித்தார்கள். நடுத்தர வருமானத்துக்குள் ஏசி அடங்குமா என்பதே கேள்வி. அடங்கும் என்று காட்டுவதற்குத்தான் அந்தக் கிராமத்தையே கட்டினார்கள் என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. கூரை நிறம், நிழல், மேற்குச் சுவர் பற்றி அங்கே கற்றது அதற்கப்புறம் கட்டிய லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பெரிதாகப் போய்ச் சேரவில்லை. ஏசி போய்ச் சேர்ந்தது.

மின் கம்பெனிகளுக்கும் இதில் கொண்டாட்டம். அதுவரை அமெரிக்காவில் கரண்ட் தேவை உச்சத்துக்குப் போனது குளிர்காலத்தில். இரவு நீளம், விளக்கு அதிகம். கோடையில் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. அந்த ஓய்வு நேரத்து மின்சாரத்தை விற்க ஏசி நல்ல வழி. தாங்களே விளம்பரம் போட்டுப் பரப்பினார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் உச்சம் கோடைக்கு மாறிவிட்டது. அப்புறம் அந்தக் கோடை உச்சத்துக்காகப் புதிது புதிதாக மின் நிலையம் கட்ட வேண்டி வந்தது.

1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல் தடவையாக ‘வீட்டில் ஏசி உண்டா’ என்று கேட்டார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு வீட்டில் இருந்தது. 1980ல் பாதிக்கு மேல். 2020ல் ஏறக்குறைய 90 சதவீதம். முதலில் வாங்கியவர்கள் வெள்ளையர்களும் வசதியானவர்களும். அதே தெற்கில் கறுப்பினத்தவர் வீடுகளுக்கு அது வர இன்னும் நெடுங்காலம் ஆனது. 1995ல் சிகாகோவில் ஜூலை வெயில் 700க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, இறந்தவர்களில் பலர் ஏசி இல்லாமல், ஜன்னலைத் திறக்கவும் பயந்து, தனியாக வாழ்ந்த ஏழை முதியவர்கள்.

இங்கே ஏசிக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அது ஆடம்பரம், சோம்பேறித்தனம் என்று பேசுவது சுலபம். கடும் வெயில் நாட்களில் அமெரிக்கர்கள் இறக்கும் வீதம், 1960க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், அதற்குப் பிறகு ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது. அதற்குப் பெரும்பாலும் வீட்டு ஏசிதான் காரணம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2003ல் ஏசி அரிதான பிரான்சில் ஒரே கோடையில் ஏறக்குறைய 15,000 பேர் வெயிலுக்குப் பலியானதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஏசி மருந்து மாதிரிதான்.

ஏசி ஊர்களையும் இடம் மாற்றியது. ஃபீனிக்ஸில் 1950ல் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். 1960ல் 4 லட்சத்து 39 ஆயிரம். இன்று 16 லட்சத்துக்கு மேல். அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டதும் இதில் உண்டு என்றாலும், ஜூலையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் பாலைவனத்தில் ஏசி இல்லாமல் அத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரின் லீ குவான் யூ இன்னும் ஒரு படி மேலே போனார். தன் நாட்டின் வளர்ச்சிக்கு ஏசி ஒரு முக்கியக் காரணம் என்றும், பிரதமரானதும் முதலில் அரசு அலுவலகங்களில் ஏசி போட்டதாகவும் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

விண்டோ ஏசி ஆசியாவுக்கு அவ்வளவு பொருந்தவில்லை. ஜன்னலை அடைத்துக்கொள்ளும், கம்ப்ரசர் சத்தம் தலைமாட்டில் கேட்கும். ஜப்பானிய வீடுகள் சிறியவை, ஜன்னல்கள் பக்கவாட்டில் நகர்பவை. அங்கே டோஷிபா 1961ல் கம்ப்ரசரை வெளியே பிரித்துவைத்த ஸ்பிளிட் மாதிரியைக் கொண்டுவந்தது. சுவரில் குழாய் நுழைய ஒரு துளை போதும். எண்ணெய் விலை ஏறி எரிபொருளுக்குத் திண்டாடிய ஜப்பான் அடுத்து மின்சாரத்தில் கைவைத்தது. பழைய கம்ப்ரசருக்கு இரண்டே நிலை: முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம். 1981ல் டோஷிபா வீட்டு ஏசிக்குக் கொண்டுவந்த இன்வெர்ட்டர், மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்தது. அறை குளிர்ந்த பிறகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். விட்டு விட்டுத் ‘தடக்’ என்று கிளம்புவது இல்லை. இன்று நம் ஊர்க் கடைகளில் விற்பது பெரும்பாலும் இந்த ஜப்பானிய வம்சம்தான்.

கேஸ் கதைக்கு மட்டும் இன்னும் முடிவு வரவில்லை. 1974ல் வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் மிட்ஜ்லியின் வாயுக் குடும்பம் மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். 1985ல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் மெலிந்துபோனது தெரியவந்தது. 1987ல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தம். வீட்டு ஏசிகளில் நெடுங்காலம் ஓடிய ஆர்-22 வாயு மெல்ல விலக, ஓசோனைத் தொடாத ஆர்-410ஏ வந்தது. அது பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 2,000 மடங்குக்கு மேல். 2016ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் கூடி அதையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்து வந்த ஆர்-32ல் அந்த மடங்கு 675. சில மாதிரிகளில் இருக்கும் ஆர்-290 ஒரு சில மடங்குதான், ஆனால் அது புரொப்பேன். சமையல் கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். ஆர்-32ம் லேசாக எரியக்கூடியதே. தீப்பிடிக்காத வாயு வேண்டும் என்று 1930ல் கிளம்பியவர்கள், சுற்றிவிட்டு எரியும் வாயுவிடமே வந்திருக்கிறார்கள், இந்தத் தடவை அளவைக் குறைத்து, கசிவைத் தடுத்து. கேஸ் நிரப்ப வருகிறவர் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் இனி தடுத்துத்தான் ஆக வேண்டும்.

சர்வதேச எரிசக்தி முகமை 2018ல் கணக்கிட்டபோது உலகத்தில் 160 கோடி ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன. 2050ல் அது 560 கோடி ஆகலாம் என்றது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 90 சதவீத வீடுகளில் ஏசி. உலகின் மிகச் சூடான பகுதிகளில் வாழும் 280 கோடி பேரில் 8 சதவீதத்தினரிடமே. அந்த 280 கோடியில் நாமும் உண்டு. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே தொடக்கத்தில் 20,800 மெகாவாட்டைத் தாண்டிச் சாதனை படைத்தது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கும். படுக்கையறை ஏசிகள் ஓட ஆரம்பிப்பதோ சூரியன் போன பிறகு.

2020 முதல் இந்தியாவில் நட்சத்திர முத்திரையோடு வரும் ஏசிகள் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்லதுதான், ஒரு டிகிரி கூட்டினாலும் கரண்ட் மிச்சம். ஆனால் ரிமோட்டுக்கு விதி போட்ட அளவுக்குச் சுவருக்கு யாரும் கண்டிப்புக் காட்டுவதில்லை. நம் புறநகர் அடுக்குமாடிகளில் மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவருக்கு நிழல் கிடையாது, ஜன்னலுக்கு மேல் அரையடி சன்ஷேடு இருந்தால் அதிகம், மொட்டை மாடி பகலெல்லாம் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை மேல்தளத்து வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். கட்டும்போது அங்கே மிச்சம் பிடித்த பணம் கட்டியவரிடம் இருக்கிறது. குடிவந்தவர் முதல் சித்திரையிலேயே ஒரு டன் போதாது, ஒன்றரை டன் வேண்டும் என்று கடைக்காரரிடம் தவணை பேசிக்கொண்டிருக்கிறார்.